வீட்டாக்கச் சாகச விளையாட்டின் முகப்புப் படம்: ஒரு விமர்சன நோக்கு

1

நூலின் வாயிலில் நின்று வாசகனை உள்ளே அழைக்கும் பகுதியைத் தமிழ் இலக்கண மரபு பாயிரம் எனக் குறிக்கும். நன்னூலார் அதனைப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என இரண்டாக வகுத்து, சிறப்புப்பாயிரத்தில் ஆக்கியோன் பெயர் முதலாகப் பயன் ஈறாக எட்டுச் செய்திகள் அமைதல் வேண்டும் என்றார். அவ்வெட்டனுள் ஒன்று 'கேட்போர்' என்பதாகும். ஒரு நூல் யாரை நோக்கியது என்பது அதன் தொடக்கத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது என்னும் உண்மை இவ்விதியினால் புலனாகின்றது. கேட்போர் மாறும்போது பாயிரத்தின் இயல்பும் மாறியே தீரும்.

இக்கட்டுரை ஆராய முற்படுவது நம் காலத்துக்குரிய ஒரு பாயிரத்தையே. விடியோ விளையாட்டுகளுள், நிறுவனங்களால் அன்றித் தனிமனிதரால் தம் வீட்டிலிருந்து, பெரும்பாலும் ஓய்வுநேர உழைப்பினால் ஆக்கப்படும் சாகச விளையாட்டுகள் ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளன. அவற்றை ஆக்குவோருட் பலர், விளையாட்டுத் தொடங்குமுன் திரையில் ஓடும் இரண்டு மூன்று நிமிட நேர முகப்புப் படம் ஒன்றையும் தாமே தயாரித்துச் சேர்க்க விரும்புகின்றனர். அப்படத்தின் உருவம் எங்கிருந்து பெறப்படுகின்றது, அதன் உள்ளடக்கத்தை நிர்ணயிக்கும் காரணிகள் யாவை, அது யாரை நோக்கிப் பேசுகின்றது என்பனவே இங்கு எழுப்பப்படும் வினாக்கள்.

இத்தகைய பொருள் ஆய்வுக்கு உரியதோ என ஐயுறுவோர் இருக்கலாம். நாவலும் பின்னர் சினிமாவும் தோன்றிய காலங்களில் இதே ஐயம் எழுப்பப்பட்டமையை அவர்கள் மனங்கொள்ளல் வேண்டும். பெருந்தொகையான மக்களின், சிறப்பாக இளைஞரின், கற்பனையை உருவாக்கும் ஒரு கலைவடிவத்தை விமர்சனம் புறக்கணிக்குமாயின், அதனை மதிப்பிடும் பொறுப்பு முழுவதும் விளம்பரக்காரரின் கைக்குப் போய்விடும். அதிலும், இதுவரை நுகர்வோராக மட்டும் இருந்தவர்கள் ஆக்குவோராக மாறும் இடம் முற்போக்குச் சிந்தனையுடையோரின் தனிக் கவனத்தைப் பெறவேண்டிய இடமாகும்.

2

சாகச விளையாட்டின் முகப்பு, தோற்றத்தில் ஒரு மனிதக் குரலாகவே இருந்தது. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரின் ஆக்கமாக 1974 இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டில் ஒருவர் கதை நடத்துநராக அமர்வார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். நடத்துநர் அப்பாத்திரங்கள் நிற்கும் இடத்தையும் அங்கு நிலவும் நெருக்கடியையும் தம் வாயினால் விவரித்துவிட்டு, இனி நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். அந்த வினாவுடன் முகப்பு முடிந்து விளையாட்டுத் தொடங்கும். பின்னர் அச்சில் வந்த சாகசக் கையேடுகளில் நடத்துநர் உரத்து வாசிக்கவேண்டிய பகுதிகள் கட்டமிட்டுக் கொடுக்கப்பட்டன. எனினும் வாசிப்பவர் எதிரே இருப்போரின் முகங்களைப் பார்த்தவண்ணமே வாசித்தார். சலிப்பு ஏற்படின் சுருக்கினார். ஆர்வம் தோன்றின் விரித்தார். சொல்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையிலான உயிருள்ள தொடர்பு அங்கு அறுபடவில்லை.

இவ்விளையாட்டு கணினிக்கு இடம்பெயர்ந்தபோது குரலின் இடத்துக்கு எழுத்து வந்தது. வட்டுகளின் கொள்ளளவு பெருகப் பெருக, எழுத்தின் இடத்தைப் படம் கைப்பற்றியது. 1987 இல் லூகாஸ்ஃபில்ம் கேம்ஸ் வெளியிட்ட 'மேனியக் மான்ஷன்' என்னும் விளையாட்டில், விளையாடுபவரின் கட்டுப்பாட்டைச் சிறிதுநேரம் விலக்கி, பிறிதோரிடத்தில் நிகழ்வதைக் காட்டும் இடைக்காட்சிகள் அமைந்தன. அவற்றுக்குக் 'கட் சீன்' என்னும் பெயரை வழங்கியவராக அதன் ஆக்குநருள் ஒருவரான ரொன் கில்பேட் கருதப்படுகின்றார். 1990களில் இறுவட்டுப் பரவியதும் நிலைமை முற்றாக மாறியது. 1994 இல் வெளியான 'விங் கமாண்டர் 3', தொழில்முறை நடிகரைக் கொண்டு படமாக்கப்பட்ட காட்சிகளுடன் நான்கு இறுவட்டுகளில் வந்தது. 1997 இல் யப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபன்ரசி 7' மூன்று இறுவட்டுகளை நிரப்பியது. ஓர் இளம்பெண்ணின் முகத்திலிருந்து பின்வாங்கி, பெருநகர் ஒன்றின் முழுப் பரப்பையும் காட்டி, பின்னர் நிலையத்தை வந்தடையும் புகையிரதத்தின்மீது இறங்கும் அதன் முகப்புக் காட்சி, இத்துறையினர் அனைவரும் எட்ட விரும்பும் முன்மாதிரியாயிற்று.

இம்மாற்றத்தை வெறும் தொழில்நுட்ப முன்னேற்றமாகக் கொள்ளுதல் பொருந்தாது. பெருமுதலீட்டுடன் ஆக்கப்படும் பண்டத்துக்கு அதன் முகப்புப் படமே விளம்பரமுமாயிற்று. கடையிலும் தொலைக்காட்சியிலும் ஓடக்கூடியது அதுவே; விளையாட்டை விளையாடித்தான் அறிய வேண்டும், படத்தையோ நின்று பார்த்தாலே போதும். இதன் விளைவாக, மேசையைச் சுற்றி அமர்ந்து வினாவை எதிர்கொண்ட பங்காளி, கதிரையிற் சாய்ந்து வியந்து நோக்கும் பார்வையாளராக மாற்றப்பட்டார். முகப்பு தன் பழைய வினாவை மறந்து, நிறுவனத்தின் வல்லமையைப் பறைசாற்றும் இடமாகியது. வீட்டிலிருந்து ஆக்குபவர் முகப்புப் படம் என்ற ஒன்றைத் தாமும் செய்ய எண்ணும்போது அவர் மனக்கண்ணில் நிற்பது பெரும்பாலும் இந்த உருவமே என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

3

எடுத்துக்காட்டாக ஓர் ஆக்கச் சூழலை விரிவாக நோக்குவோம். கனடாவின் பயோவெயர் நிறுவனம் 2002 ஜூன் மாதத்தில் வெளியிட்ட 'நெவர்வின்ரர் நைற்ஸ்' என்னும் விளையாட்டு, முற்கூறிய மேசை விளையாட்டின் விதிகளைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதன் தனிச்சிறப்பு யாதெனில், நிறுவனம் எழுதிய கதையுடன் நில்லாது, 'அரோரா' என்னும் ஆக்கக் கருவியையும் அதே பொதியில் வழங்கியமையாகும். கட்டடத் துண்டுகளைச் சதுரம் சதுரமாக அடுக்கிக் குகைகளையும் நகரங்களையும் அமைக்கவும், பாத்திரங்களை நிறுத்தி உரையாடல்களை எழுதவும், நிகழ்ச்சிகளைச் சிறு நிரல்களால் இயக்கவும் அக்கருவி இடமளித்தது. ஆசிரியர், மாணவர், அலுவலர் எனப் பல தொழிலினரும் இரவு நேரங்களில் இருந்து தமக்கெனச் சாகசங்களை ஆக்கி, விலையின்றிப் பிறருக்கு வழங்கினர். இவ்வகையில் ஆயிரக்கணக்கான தொகுதிகள் வெளிவந்தன.

இத்தொகுதிகளுக்கு முகப்புப் படம் சேர்க்கும் வழியையும் நிறுவனம் திறந்தே வைத்திருந்தது. தொகுதியின் பண்புகளைக் குறிக்கும் பக்கத்தில் தொடக்கப் படத்தின் பெயரை எழுதுவதற்கு ஓரிடம் உண்டு. ஆனால் படம் 'பிங்க்' என்னும் வடிவத்தில் அமைந்திருத்தல் வேண்டும். அது அமெரிக்காவின் ராட் நிறுவனத்துக்கு உரிய வடிவம். அவ்வடிவத்துக்கு மாற்றித்தரும் செயலியை அந்நிறுவனம் இலவசமாகவே கொடுத்தது. எனவே ஆக்குநர் செய்யவேண்டியவை இவை: படங்களைத் திரட்டுதல் அல்லது வரைதல்; ஒலிவாங்கியின் முன்னிருந்து கதையுரையைப் பதிதல்; விண்டோஸ் மூவி மேக்கர் போன்ற எளிய தொகுப்புச் செயலியில் இரண்டையும் இணைத்தல்; அதனைப் பிங்க் வடிவத்துக்கு மாற்றுதல்; விளையாட்டின் படங்களுக்கான கோப்புறையில் வைத்தல்.

இச்செய்முறையில் மேலோட்டமாக நோக்குவோர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. படம் தொகுதிக் கோப்பினுள் அடங்குவதில்லை. அதனைத் தனியே பெற்று, உரிய கோப்புறையில் விளையாடுபவரே வைத்தல் வேண்டும். அங்ஙனம் வையாதவருக்கு விளையாட்டு படமின்றியே தொடங்கிவிடும். ஆகவே முகப்புப் படத்தில் மட்டும் சொல்லப்பட்ட செய்தி எதுவும் கதைக்கு இன்றியமையாததாக இருத்தல் கூடாது. பார்த்தவருக்கு ஆழம் தரவும் பாராதவருக்குக் குறை வையாமலும் அது அமைய வேண்டியதாயிற்று. ஆக்கச் சாதனத்தின் இயல்பே ஆக்கத்தின் உருவத்துக்கு ஒரு விதியை வகுத்துவிடுகிறது என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

4

இதனினும் ஆழமான விதி ஒன்று இவ்விளையாட்டின் அடிப்படை அமைப்பிலேயே உள்ளது. நெவர்வின்ரர் நைற்ஸ் விளையாட்டில் கதைத்தலைவர் யாரென்பதை ஆக்குநர் அறியார். ஆணா பெண்ணா, மனிதரா குள்ளரா, வீரரா மந்திரவாதியா, பெயர் யாது, முகம் எத்தகையது என்பவற்றையெல்லாம் விளையாடுபவரே தெரிந்தெடுக்கின்றார். எனவே முன்கூட்டியே தயாரிக்கப்பட்ட படத்தில் தலைவரைக் காட்ட முடியாது. காட்டின் அது வேறொருவராகவே இருக்கும். நாவலிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் தொடக்கத்தின் முதன்மையான பணி தலைமைப் பாத்திரத்தை அறிமுகம் செய்தலாகும். அப்பணி இங்கு விலக்கப்பட்டுவிட்டது. தலைவர் இல்லாத தொடக்கம் ஒன்றை ஆக்குதலே வீட்டாக்குநரின் முன் வைக்கப்பட்டிருக்கும் உண்மையான கலைப் பிரச்சினை என்பது எமது கருத்து.

இப்பிரச்சினைக்கு ஆக்குநர் காணும் விடைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, பிரச்சினையை உணராமலே கடந்து செல்லுதல். ஆக்குநர் தாம் மேசை விளையாட்டில் ஏற்று நடித்த பாத்திரத்தையோ தாம் மிக விரும்பும் ஒரு வீரனையோ படத்தின் நடுவில் நிறுத்திவிடுகின்றார். அவனது போர்க்கோலமும் வீரவசனமும் புகழ்பெற்ற திரைப்படங்களிலிருந்து எடுத்தொட்டப்பட்ட இசையின் பின்னணியில் முழங்குகின்றன. படம் முடிந்து விளையாட்டுத் தொடங்கும்போது, விளையாடுபவர் தம்மை அவ்வீரனின் ஏவலாளாகவே உணர்கின்றார். தமக்குரிய இருக்கையில் வேறொருவர் அமர்ந்திருப்பதைக் கண்ட விருந்தினரின் நிலை அவருடையது.

இரண்டாவது, தலைவரின் இடத்தை வரலாற்றினால் நிரப்புதல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்த போர், அழிந்த அரசுகள், தேவர்களின் பகை, வாளொன்றின் வமிசாவளி ஆகியன கனத்த குரலில் அடுக்கப்படுகின்றன. இது முதலாவதிலும் மேலானதே. விளையாடுபவரின் இடத்தைப் பறிப்பதில்லை. ஆயின் கேட்போர் யார் என்பதை அது எண்ணிப் பார்ப்பதுமில்லை. உலகில் எதையும் செய்யத் தொடங்காத ஒருவருக்கு அவ்வுலகின் வரலாறு பெயர்ப் பட்டியலே ஆகும். அறிவு செயலிலிருந்து பிறக்கின்றது என்னும் எளிய உண்மை இங்கு தலைகீழாக்கப்படுகின்றது.

மூன்றாவது, ஒரு நிலைமையை முன்வைத்தல். யார் வரினும் அவர் எதிர்கொள்ளவேண்டிய ஒரு முரண்பாட்டைக் காட்டி, அதனைத் தீர்க்காமல் விட்டு விலகுதல். நிறுவனத்தின் சொந்தக் கதையே இவ்வழியைத்தான் பின்பற்றியது. நெவர்வின்ரர் நகரைக் கொள்ளைநோய் பீடித்திருக்கின்றது, வாயில்கள் அடைக்கப்பட்டுள்ளன, நகரின் காவற்பொறுப்பை ஏற்ற அரிபெத் என்னும் பெண் உதவிக்கு ஆட்களைத் தேடுகின்றாள். தலைவர் காட்டப்படுவதில்லை, தலைவருக்கான தேவை காட்டப்படுகின்றது. அக்கதையின் அத்தியாயங்களை இணைக்கும் படங்கள், ஓவியங்களின்மீது மெல்ல நகரும் பார்வையையும் ஒரு கதைகூறியின் குரலையும் பெரிதும் நம்பியவை. பெருநிறுவனம் ஒன்றே தெரிந்தெடுத்த இவ்வெளிய உருவம், வீட்டிலிருப்பவரின் கைக்கு எட்டாத தொலைவில் இல்லை என்பதும், அவ்வாறிருந்தும் பலரின் கண் ஃபைனல் ஃபன்ரசியின் பெருநகரை நோக்கியே சென்றமையும் சிந்திக்கத்தக்கன.

5

தலைவரைக் காட்டியே தீரவேண்டிய விளையாட்டில் தனி ஆக்குநர் ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்குப் பிரான்சிலிருந்து ஒரு சிறந்த சான்று உண்டு. எரிக் ஷாயி என்பார் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தனியே உழைத்து ஆக்கிய 'அனதர் வேர்ல்ட்' 1991 இல் டெல்ஃபீன் நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்தது. இசையை மட்டும் ஷான் பிரான்சுவா ஃப்ரைத்தாஸ் அமைத்தார். அமிகா கணினியின் வட்டொன்று கொள்ளும் அளவு ஒரு மெகாபைற்றுக்கும் குறைவு. வரையப்பட்ட திரைப்படம் போன்ற ஒன்றை அதனுள் அடக்குதல் அக்காலத்து முறைகளால் இயலாத செயல். ஷாயி, படங்களைப் புள்ளி புள்ளியாகச் சேமியாது, தட்டையான நிறத் தளங்களாலான பல்கோணங்களாக வரையும் முறையைக் கைக்கொண்டார். அதற்கான வரைகருவியையும் தாமே எழுதினார். விடியோக் கமராவில் அசைவுகளைப் பதிந்து, அவற்றின்மேல் வரைந்து உயிர்ப்பூட்டினார். விளையாட்டின் முழுத் திட்டமும் அவர் மனத்தில் உருவாகுமுன்னரே முகப்புப் படம் தயாராயிற்று. அதிலிருந்தே ஏனைய பகுதிகள் படிப்படியாக வளர்ந்தன.

அப்படத்தில் நிகழ்வதென்ன? புயலிரவில் ஒரு கார் வந்து நிற்கின்றது. லெஸ்ரர் என்னும் இளம் பௌதிக விஞ்ஞானி மின்தூக்கியில் இறங்கித் தன் நிலக்கீழ் ஆய்வுகூடத்தை அடைகின்றான். கணினியின் முன்னமர்ந்து பரிசோதனையைத் தொடக்கிவிட்டுப் பானக் குவளை ஒன்றைத் திறக்கின்றான். இடி விழுகின்றது. அவன் இருந்த இடம் வெறுமையாகின்றது. பேச்சு எதுவுமில்லை, வமிசாவளி இல்லை, வீரவசனம் இல்லை. அடுத்த கணம் அவன் வேற்றுலகமொன்றில், நீருக்கடியில் தோன்றுகின்றான். அவ்விடத்தில் படம் முடிந்துவிட்டது என எவரும் அறிவிப்பதில்லை. படத்தைப் பார்த்தவண்ணம் கைகட்டி இருப்பவரின் கண்முன்னே, ஆழத்திலிருந்து நீளும் கரங்கள் லெஸ்ரரைப் பற்றி இழுக்க, அவன் இறக்கின்றான். விளையாடுபவர் விசையை அழுத்தி அவனை மேலே நீந்தச் செய்தாலன்றி அவனுக்கு வாழ்வில்லை.

கலைநோக்கில் இது மிக முக்கியமான ஓர் இடமாகும். பார்வையாளராக இருந்தவர் தம் செயலின்மையின் விளைவை உடனே காண்கின்றார். பார்த்தலுக்கும் செய்தலுக்கும் இடையிலுள்ள எல்லை அறிவிப்பின்றி அழிக்கப்படுகின்றது. மேசை விளையாட்டின் நடத்துநர் வாயினாற் கேட்ட வினாவை, நீரின் ஆழம் இங்கு சொல்லின்றிக் கேட்கின்றது. முகப்பில் தோன்றும் உருவங்களும் விளையாட்டில் இயங்கும் உருவங்களும் ஒரே பல்கோணங்களால் ஆனமையாலேயே இது கைகூடிற்று. முகப்புக்கு ஒரு செல்வமும் விளையாட்டுக்கு ஒரு வறுமையும் என்ற நிலை அங்கில்லை. சாதனத்தின் வறுமை உருவத்தின் ஒருமைப்பாடாக மாற்றப்பட்டுள்ளது.

அப்படத்தின்மீது ஷாயி கொண்டிருந்த உரிமையுணர்வும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்கப் பதிப்பை வெளியிட்ட இன்ரர்ப்ளே நிறுவனம் முகப்பின் இசையை மாற்ற முனைந்தபோது அவர் விடாப்பிடியாக எதிர்த்தார். அசல் இசையை வைத்திருக்குமாறு கோரும் தாளை வளையமாக ஒட்டித் தொலைநகலில் முடிவின்றி அனுப்பினார் என்பது இத்துறையில் நன்கறியப்பட்ட செய்தி. ஈற்றில் அசல் இசையே நிலைத்தது. ஆக்குநருக்கும் சந்தைக்கும் இடையிலான போராட்டம், இரண்டு நிமிட முகப்புக்கும் வெளியே நிற்கவில்லை.

6

வீட்டாக்குநர் அனைவரும் ஷாயியின் ஆற்றல் உடையவரல்லர் என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அவரிடமிருந்து கற்கவேண்டியது வரையும் ஆற்றலை அன்று. தம்மிடம் உள்ளதைக் கொண்டே உருவத்தை நிர்ணயிக்கும் நேர்மையை ஆகும். இவ்வகையில் வீட்டிலிருப்பவரிடம் உள்ளவை மூன்று: அவரது குரல், அசையாத படம், விளையாட்டிலேயே அடங்கியுள்ள பாவைகள்.

பாவைகளைக் கொண்டு படம் ஆக்கும் முயற்சிகள் புதியனவல்ல. 1996 இல் 'குவேக்' என்னும் விளையாட்டினுள் அதன் ஆட்டக்காரர் சிலர் நடித்துப் பதிந்த 'டயரி ஒவ் எ கேம்பர்' என்னும் சிறு படம் இதன் முன்னோடியாகும். 'மஷினிமா' எனப் பின்னர் பெயர்பெற்ற இவ்வியக்கத்தில் பெரும்பங்கு வகித்த ஹியூ ஹான்கொக், எடின்பரோ நகரிலிருந்து தம் குழுவினருடன் நெவர்வின்ரர் நைற்ஸ் விளையாட்டையே படப்பிடிப்புக் கூடமாகக் கொண்டு 'பிளட்ஸ்பெல்' என்னும் முழுநீளப் படத்தை ஆக்கினார். அது 2006 இலிருந்து தொடராகவும் பின்னர் முழுப்படமாகவும் வெளிவந்து, பகிர்வுக்கு இடந்தரும் கிரியேற்றிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் அனைவருக்கும் கிடைத்தது. அசையாத முகங்களையுடைய அப்பாவைகளைக் கொண்டு உணர்ச்சியைப் புலப்படுத்தக் குரலும் காட்சித் தொகுப்புமே துணைநின்றன. பாவைக்கூத்துக் கண்டோருக்கு இது வியப்பளிக்காது. மரப்பாவையின் முகமும் மாறுவதில்லை, பார்ப்போரே அதில் அழுகையையும் சிரிப்பையும் ஏற்றிக் காண்கின்றனர். முகப்புப் படத்துக்கும் இம்முறை ஏற்றது. படத்தில் கண்ட தெருவிலேயே சற்று நேரத்தில் விளையாடுபவர் நடக்கப் போவதால், வாக்களித்ததற்கும் வழங்கியதற்கும் இடையே பிளவு ஏற்படாது.

படமே வேண்டாம், நேரே விளையாட்டிற் புகுதலே மேல் என்று வாதிப்போரும் உளர். 1998 இல் வெளியான 'ஹாஃப் லைஃப்' இதற்குச் சான்றாகக் காட்டப்படும். அதில் தனிப்படம் இல்லை. தொழிலுக்குச் செல்லும் ஒருவராகத் தொங்கு வண்டியொன்றில் நிலக்கீழ் ஆய்வுகூடத்தினூடே சில நிமிடங்கள் பயணம் செய்கின்றோம். விரும்பிய திசையில் பார்க்கும் உரிமை நமக்கே உண்டு. இவ்வாதத்தில் உண்மை உண்டு எனினும், அது முழு உண்மையன்று. அப்பயணத்தை உருவாக்குவதற்குப் பயிற்சி பெற்ற ஒரு பெருங்குழு தேவைப்பட்டது. குரலையும் சில ஓவியங்களையும் கொண்டு மூன்று நிமிடங்களில் ஒரு நெருக்கடியை உணர்த்துவதோ ஒருவருக்கே இயலும். மேலும், நேரே புகும் விளையாட்டில் ஆக்குநரின் குரல் கேட்பதில்லை. வீட்டாக்கத்தின் தனிப்பெருமை, பெயரறியா ஒருவர் எங்கோ ஓர் அறையிலிருந்து நம்மை நோக்கிப் பேசுகிறார் என்பதே. அக்குரலில் வட்டார உச்சரிப்பு இருக்கலாம். பின்னணியில் மின்விசிறியின் இரைச்சல் கேட்கலாம். இவற்றை மறைக்கவேண்டிய குறைகளாகக் கருதி, திரைப்பட முன்னோட்டங்களின் இடிக்குரலைப் போலி செய்வதிலும் அவற்றை அப்படியே விடுதல் மேலானது. மேசையைச் சுற்றி ஒலித்த பழைய குரலின் உண்மையான வாரிசு அதுவே.

7

உருவத்தைப் பற்றிய இவ்வாய்வு, உடைமையைப் பற்றிய வினாவின்றி நிறைவுறாது. நெவர்வின்ரர் நைற்ஸ் தொகுதிகளை ஆக்கியோர் அவற்றை விற்பனை செய்ய உரிமம் இடமளிக்கவில்லை. கதை நிகழும் உலகும் அதன் தெய்வங்களும் அரக்கரும் வேறொரு நிறுவனத்தின் உடைமை. 2004 இலிருந்து, பயனர்களாக இருந்து ஆக்குநராக வளர்ந்த சிலரின் தொகுதிகளும் நிறுவனத்தின் வாயிலாக விலைக்கு வந்தன என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலோரின் உழைப்பு, ஊதியமின்றி மூல விளையாட்டின் விற்பனை ஆயுளை நீட்டும் உழைப்பாகவே அமைந்தது. யூலியன் கூக்லிக் என்னும் ஆய்வாளர் 2005 இல், விளையாட்டையும் உழைப்பையும் குறிக்கும் இரு சொற்களைப் பிணைத்து, இவ்வகை ஈடுபாட்டுக்கு ஒரு புதுச் சொல்லைப் படைத்தார். மகிழ்ச்சியுடன் செய்யப்படுவதனாலேயே சுரண்டல் தென்படாது போகும் நிலையை அச்சொல் சுட்டுகின்றது.

முகப்புப் படத்தின் நிலை இன்னும் பலவீனமானது. அதன் உயிர் ஒரு தனியார் வடிவத்தில் தங்கியிருந்தது. நெவர்வின்ரர் நைற்ஸின் லினக்ஸ் பதிப்பில் பிங்க் படங்கள் ஓடவில்லை. பயனர்களே துணைச்செயலி எழுதி அக்குறையைத் தீர்க்க நேர்ந்தது. 2018 இல் பீம்டொக் நிறுவனம் வெளியிட்ட மேம்பட்ட பதிப்பில் பிங்க் வடிவத்தின் இடத்தை வெப்எம் என்னும் திறந்த வடிவம் பெற்றது. தொகுதிகள் பெரும்பாலும் முன்போலவே இயங்கின. பழைய முகப்புப் படங்களோ வடிவம் மாற்றப்பட்டாலன்றி ஓடாதனவாயின. பிங்க் வடிவத்துக்கு உரிய ராட் நிறுவனமும் 2021 இல் எபிக் கேம்ஸ் என்னும் பெருநிறுவனத்தின் உடைமையாயிற்று. தம் படத்தை ஆக்கியபின் வேறு அலுவல்களுக்குச் சென்றுவிட்ட ஒருவரின் குரல், மாற்றித் தருவார் இல்லாதவிடத்துப் பேச்சற்றுக் கிடக்கின்றது. ஏடுகள் செல்லரித்துப்போன வரலாற்றை நன்கறிந்த நமக்கு, கறையான் இல்லாமலே ஏடு அழியும் இந்நிலையை விளங்கிக்கொள்வதில் இடர்ப்பாடு இருக்காது.

இதிலிருந்து பெறப்படும் நடைமுறைப் படிப்பினை ஒன்றுண்டு. முகப்புப் படத்தின் மூலங்களை, அதாவது ஓவியங்களையும் ஒலிப்பதிவையும் கதையுரையின் எழுத்துப் படியையும், எவரும் திறக்கக்கூடிய வடிவங்களில் ஆக்கத்துடன் சேர்த்தே வழங்குதல் வேண்டும். பிறரின் இசையையும் காட்சிகளையும் எடுத்தொட்டாது தாமும் தம் நண்பரும் ஆக்கியவற்றையே பயன்படுத்தியவருக்கே இது கூடும். எனவே சொந்தச் சாதனங்களைக் கொண்டு ஆக்குதல் அழகியல் நேர்மை மட்டுமன்று. ஆக்கம் நிலைபெறுவதற்கான நிபந்தனையும் அதுவே.

8

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வீட்டாக்கச் சாகச விளையாட்டின் முகப்புப் படத்தை மதிப்பிடுவதற்குச் சில அளவுகோல்கள் கிடைக்கின்றன. படம் விளையாடுபவருக்கு இடம் விட்டிருக்கின்றதா, அன்றி அவ்விடத்தில் ஆக்குநரே அமர்ந்திருக்கின்றாரா? அது வரலாற்றை ஒப்புவிக்கின்றதா, அன்றி ஒரு முரண்பாட்டை நம்முன் வைக்கின்றதா? அது அளிக்கும் வாக்கைப் பின்வரும் விளையாட்டு காப்பாற்றுகின்றதா? அதன் உருவம் ஆக்குநரின் சொந்தச் சாதனங்களிலிருந்து பிறந்ததா, பெருமுதலீட்டின் நிழலா? இவ்வினாக்கள் நான்கும் ஒன்றோடொன்று தொடர்புடையன. நிறுவனப் படத்தைப் போலி செய்பவர் தலைவனையும் போலி செய்கின்றார். தலைவனை நிறுத்தியவர் விளையாடுபவரைப் பார்வையாளராக்குகின்றார். அங்ஙனம் ஆக்கியபின் அவரிடமிருந்து செயலை எதிர்பார்த்தல் பயனற்றது.

நமது கூத்து மரபில் கட்டியகாரன் முதலில் களரிக்கு வருகின்றான். அரசனின் வரவை அறிவிக்கின்றான், அவையோரை ஆயத்தப்படுத்துகின்றான், பின்னர் ஒதுங்கி நிற்கின்றான். அரசனின் முடியை அவன் சூடிக்கொள்வதில்லை. முகப்புப் படத்தை ஆக்குபவர் ஏற்கவேண்டிய பாத்திரம் இதுவேயாகும். அரசராக வரப்போகின்றவர் எங்கோ ஒரு வீட்டில், ஆக்குநர் ஒருபோதும் காணப்போகாத முகத்துடன், விசைப்பலகையின்மீது கைவைத்துக் காத்திருக்கின்றார். நுகர்வோர் ஆக்குவோராக மாறிய பின்னரும் தம்மைப் போன்ற இன்னொரு மனிதரை வெறும் பார்வையாளராகவே நடத்துவாராயின், கருவிகள் கைமாறியதன்றி வேறெதுவும் மாறவில்லை என்றே கொள்ளவேண்டும். அவ்வகையில் இம்மூன்று நிமிடப் படம் சிறிய பொருளன்று. கலையில் பங்காளிகளை உருவாக்குவதா, இரசிகர்களைத் திரட்டுவதா என்னும் பழைய வினாவுக்கு ஒவ்வொரு வீட்டாக்குநரும் தம் முதற் காட்சியிலேயே விடையளித்து விடுகின்றார்.